திரைக்கு இரண்டு கம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் இருந்தது. உன் போன கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. இந்தக் கவரை ஒட்டும்போது வலது மூலையிலிருந்து ஒரு விரல் தள்ளி மஞ்சள் நூல் வைத்திருக்கிறேன். அது இல்லையென்றால் வார்டன் படித்துவிட்டார் என்று வைத்துக்கொள். எனக்குச் சளி விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

விஷயம் இதுதான். ஜூன் இருபதோடு எனக்குப் பதினெட்டு. இல்லத்தில் என் கட்டில் அன்றோடு வேறு பிள்ளைக்கு. போன வாரம் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எந்த நேரமும் கையில் ஒரு ஃபைல், அதனால் நாங்கள் ஃபைல் அக்கா என்கிறோம். மேஜையில் ஒரு படிவத்தை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டால் இருபத்தொரு வயதுவரை தங்க ஓர் அறை தருவார்களாம், தொழில் பயிற்சி தருவார்களாம், மாதம் இருமுறை அவரே வந்து பார்ப்பாராம். பிறந்தநாளுக்குள் போட்டாக வேண்டும்.

எனக்கு எங்கே சந்தேகம் வந்தது தெரியுமா? அவர் எனக்காக ஒரு பை கொண்டுவந்திருந்தார். சக்கரம் வைத்த புதுப் பை. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "உன் சாமான் வைக்கத்தான். பிள்ளைங்க குப்பைக் கவர்ல துணியக் கட்டிக்கிட்டுக் கிளம்புறதப் பார்த்தா எனக்கு மனசு கேக்கல" என்றார். யாராவது சும்மா பை கொடுப்பார்களா? உள்ளே, வெளியே, அடியில் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

நான் உன்னிடமே வந்துவிடலாம்தானே? நீயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். உன் வீடு எப்படி இருக்கும் என்று எழுது. போனில் கேட்கலாம், ஆனால் ஹாலில் நின்று பேசினால் பத்துக் காதுகள் நம் பக்கம் நீளும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாயாடி

*

பிப்ரவரி 19

வாயாடிக்கு,

மஞ்சள் நூல் இருந்தது. ஆனாலும் பிரித்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் முதுகுக்கு ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடாதே. அந்த அம்மா பேனாவை நீட்டினால் கை வலிக்கிறது என்று சொல். எனக்குப் பத்து வயது, உனக்கு ஏழு. ஆபீஸ் அறையில் ஒரு பச்சைத் தாளை நீட்டி, "இங்க உன் பேர எழுதுப்பா" என்றார்கள். எழுதினேன். ஒரு ஜோடி புது ஷூ கொடுத்தார்கள். மறுநாள் காலை என்னை வேறு ஊர் இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போக வண்டி நின்றது. நீ கேட்டுக்கு உள்ளே, நான் வெளியே. அதற்குப் பிறகு நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பதினெட்டு முடிந்தபோது என்னிடமும் இதே படிவத்தை நீட்டினார்கள். மேஜையிலேயே வைத்துவிட்டு நடந்துவிட்டேன். என்ன கெட்டுப்போனேன்?

வீடு நன்றாக இருக்கிறது. இரண்டு அறை. நல்ல வெளிச்சம். பஸ் ஷெட்டுக்குப் பக்கம் என்பதால் வேலைக்கு நடந்தே போய்விடுகிறேன். நீ வந்தால் தாராளமாக இருக்கலாம். கடிதத்தை ஷெட் விலாசத்துக்கே போடு, வீட்டுப் பக்கம் தபால்காரர் சரியாக வருவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் இருந்தது, கொஞ்சம் கிரீஸோடு. இங்கே எல்லோரும் சுகம். வார்டனுக்கு மட்டும் பல்வலி, அதனால் இல்லமே அமைதி.

ஃபைல் அக்காவுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். முதல் தடவை எனக்கு நீலம் பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவை பச்சை என்றேன். உடனே ஃபைலைப் புரட்டி, "போன தடவ நீலம்னு சொன்னியே, ரெண்டையும் எழுதிக்கவா?" என்கிறார். பார்த்தாயா, நான் சொல்வதையெல்லாம் எழுதிவைக்கிறார்! எதற்கு என்று கேட்டேன். "அறைக்குப் பெயிண்ட் அடிக்கணும்ல" என்றார். பதில் தயாராக வைத்திருக்கிறார், கெட்டிக்காரிதான். அவர் நீட்டிய பிஸ்கெட்டை நான் தொடவில்லை. அவர் போன பிறகுதான் எடுத்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். "யோசி, அவசரமில்ல" என்றார். பிறந்தநாளுக்குள் போட வேண்டும் என்றவரே அவசரமில்லை என்கிறார்.

இன்னொன்று. டெய்லர் டீச்சர் எங்களுக்குத் திரை தைக்கக் கற்றுக்கொடுக்கிறார். முதல் திரை உன் வீட்டுக்குத்தான். ஜன்னலை அளந்து எழுது. குத்துமதிப்பாக எழுதாதே, துணி வீணாகும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
வாயாடி

*

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

நூல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது, இப்போது இல்லை. பதில் போட நேரம் கிடைக்கவில்லை, ஷெட்டில் வேலை குவிந்துவிட்டது.

திரையெல்லாம் எதற்கு? தைத்தே தீருவேன் என்றால் அளவு இது: அகலம் முப்பத்தொரு அங்குலம், உயரம் இருபத்துநாலு. டேப் வைத்து அளந்தேன். மேலேயும் கீழேயும் கம்பி நுழைகிற மாதிரி மடித்துத் தை. கீழே கம்பி இல்லாவிட்டால் பறக்கும். நாலு போதும். ஜன்னல் எல்லாம் ஒரே அளவுதான்.

பெயிண்ட் கதையை நம்பாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் இருந்தது. "இருமல் இருந்தது, இப்போது இல்லை" என்று நீ எழுதினால் இப்போதும் இருக்கிறது என்று அர்த்தம். மருந்து வாங்கு.

நாலு திரை போதும் என்கிறாய், அப்படியென்றால் மொத்தம் எத்தனை ஜன்னல்? இரண்டு அறைக்கு அத்தனை ஜன்னல் வைத்த மகராசன் யார்? எத்தனையாவது மாடி? அடுப்பு எந்தப் பக்கம்? நான் எந்த அறையில் படுப்பேன்? எல்லாம் எழுது. நான் இங்கிருந்தே மனசுக்குள் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஃபைல் அக்கா எனக்குத் தரப்போகிற அறையைக் காட்டக் கூட்டிப்போனார். போய்ப் பார்த்தால் என்ன, பார்ப்பது கையெழுத்து ஆகாதே. ஒரு கட்டில், ஒரு மேஜை. பூட்டைப் போட்டுப் பார்த்தேன், உள்ளிருந்து பூட்டலாம். "இன்னொரு சாவி யார்கிட்ட?" என்று கேட்டேன். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. தீப்பிடிச்சா, நீ மயங்கி விழுந்தா, அப்பத்தான் தொறப்பேன்" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார். இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வாயாடி

*

மே 8

வாயாடிக்கு,

நீ கேள்வி கேட்கிறாயா, விசாரணை நடத்துகிறாயா? மாடி எத்தனை, அடுப்பு எந்தப் பக்கம் என்று நீ எழுதுகிற பாணி உன்னுடையது மாதிரியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஃபைல்காரிதான் சொல்லிக்கொடுக்கிறாளா? என்னைப் பற்றி அவளுக்கு எதற்கு? என்னிடம் பறிக்க இனி ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்.

அறையைப் பார்க்கப் போனது தப்பு. இன்றைக்குப் பூட்டைக் காட்டுவார்கள், நாளைக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்களோ. நாம் பிரிந்தது போதாதா?

வீட்டுக்கு வந்தால் நீயே பார்க்கத்தானே போகிறாய்.

அண்ணன்

*

மே 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் இருந்தது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்: இருமல் நின்றதா?

நாலு திரையும் தைத்து முடித்தேன். டெய்லர் டீச்சர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யார் வீட்டுக்கு இது?" "எங்க அண்ணன் வீட்டுக்கு." "அளவு நீயா எடுத்தே?" "அவன்தான் எழுதி அனுப்பினான்." அவர் கீழ் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எந்த வீட்லம்மா கீழ ஒரு கம்பி வெப்பாங்க? ஓடுற வண்டிக்குத்தான் வெப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் பஸ் பாடி கட்டுற எடத்துல இதே முப்பத்தொண்ணுக்கு இருபத்துநாலு தச்சிருக்கேன்."

அண்ணா, நீ எங்கே படுக்கிறாய்? பூசி மெழுகாமல் சொல். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பொய் வீட்டுக்குக்கூட டேப் வைத்து அளந்திருக்கிறாய். இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட வேண்டிய ஆள் நீதான் என்று தெரியாமல் போனது. எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம்.

இன்னொன்றும் செய்தேன். என் ஃபைலை நானே படிக்க வேண்டும் என்று ஃபைல் அக்காவிடம் கேட்டேன். மாட்டேன் என்பார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் முழுக் கட்டையும் என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் படித்தேன். நாம் ஒன்றாக இருந்த நாள்களின் தாள்களும் அதில் இருக்கின்றன. உன் பச்சைத் தாளும் இருக்கிறது. கோணல் எழுத்தில் உன் பேர். மேலே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "காலணி ஒரு ஜோடி பெற்றுக்கொண்டேன்." அவ்வளவுதான். ஷூ வாங்கினதற்கு ரசீது.

உன்னை அனுப்பும் உத்தரவு வேறு தாள். வெள்ளை. அதில் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டது பன்னிரண்டு நாள் முன்னாடியே. அந்த இல்லத்தில் பத்து வயதுக்கு மேல் பையன்களை வைப்பதில்லையாம், அதுதான் காரணம். நீ பேர் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் வண்டி வந்திருக்கும். நம்மை நீ பிரிக்கவில்லை அண்ணா.

திரைகளை இதோடு பார்சலில் அனுப்புகிறேன்.

வாயாடி

*

ஜூன் 12

அண்ணா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பார்சல் வந்ததா என்றாவது எழுது. எட்டு நாள்தான் இருக்கிறது. போடாதே என்று இன்னொரு முறை சொல்வதாக இருந்தால் காரணத்தோடு சொல். நான் கேட்பேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கோபம் போய்விட்டது, பயம்தான் இருக்கிறது.

வாயாடி

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம், அலுவலகம் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது. அதுவரைக்கும் உன் கடிதம் வரும் என்று கேட்டிலேயே நின்றேன். ஃபைல் அக்காவும் கூடவே நின்றார். படிவத்தில் இருபத்தாறு வரி. அங்கே நின்றபடியே வரிக்கு வரி "இதுக்கு என்ன அர்த்தம், செய்யலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். இருபதாவது வரிக்கு மேல் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இன்று காலை எந்த வண்டியும் என்னை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. இந்தக் கடிதத்தை அந்த அறையிலிருந்துதான் எழுதுகிறேன். சுவர் பாதி நீலம், பாதி பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது கவனமாகப் படி. இருபத்துநாலாவது வரியில் ஒன்று இருக்கிறது. பதினெட்டில் கையெழுத்துப் போடாமல் போனவர்களும் இருபத்தொன்று ஆவதற்குள் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் இருபத்துமூன்று வரை அறை உண்டு. உனக்கு செப்டம்பர் ஒன்பதில் இருபத்தொன்று. உனக்கான படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ இருக்கிற ஊரிலேயே அறை. யாரும் உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். அதையும் கேட்டேன், எழுதியும் வாங்கினேன்.

இந்தக் கவரில் வைத்தது பச்சை நூல். பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது நம் நூல் காணாமல் போயிருக்கிறதா? யோசித்துப் பார்.

வாயாடி

*

ஜூலை 14

வாயாடிக்கு,

நூல் இருந்தது. இருமல் இருக்கிறது. இருக்கிறது என்றே எழுதுகிறேன்.

ஷெட்டின் பின்பக்கம் ஓடாத பஸ் ஒன்று நிற்கிறது. இரண்டு வருஷமாக அதில்தான் படுக்கிறேன். கடைசி நீள சீட் கட்டில், முன்பக்கம் சாமான். இரண்டு அறை என்று எழுதினது அதைத்தான். வாட்ச்மேனுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. உன்னை எங்கே படுக்க வைப்பது என்று யோசித்து யோசித்துத்தான் மே மாதம் உன்மேல் எரிந்து விழுந்தேன். உன் திரைகள் நூல் பிசகாமல் பொருந்தின. மாட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன், இதை யாரிடமும் சொல்லாதே.

அந்த ஷூவை நான் ஒருநாளும் போடவில்லை. உன்னை விற்று வாங்கினது என்று நினைத்தேன். கால் வளர்ந்தது, அது அப்படியே இருந்தது. பிறகு வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். ரசீதுக்காகப் பத்து வருஷம் உன் முகத்தைப் பார்க்கக் கூசினேன் என்றால் என்னைவிட முட்டாள் யாராவது உண்டா?

ஆனாலும் கேட்கிறேன். அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வருவாரா? எனக்காகச் சிபாரிசு செய்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? பஸ்ஸில் படுத்தது தெரிந்தால் வேலை போகுமா? நான் பாதியில் வேண்டாம் என்று சொன்னால்?

அண்ணன்

*

ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் இருந்தது. மருந்து வாங்கினாயா?

உன் கேள்விகளை ஃபைல் அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "உங்க ரெண்டு பேரையும் பெத்தவங்க வக்கீலா?" என்கிறார். பதில்கள்: சொல்லிவிட்டுத்தான் வருவார். அவருக்குக் கிடைப்பது சம்பளம், அது நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மேனேஜரிடம் அவர் வாய் திறக்க மாட்டார். பாதியில் வேண்டாம் என்றால் சரி என்பார், மறுபடி கேட்டால் மறுபடி வருவார்.

ஆகஸ்ட் இருபத்தைந்து, திங்கள் மதியம் மூன்று மணிக்கு ஷெட் கேட்டில் நிற்பார். நீ கூப்பிட்டால்தான் உள்ளே வர வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் கூப்பிடாதே.

வாயாடி

*

ஆகஸ்ட் 28

வாயாடிக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், நம்பு.

மூன்று மணிக்கு வந்தார். முக்கால் மணி நேரம் உன் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட ஆள் யாராவது வந்திருக்கிறார்களா, போனில் பேசுகிறாரா என்று. ஒன்றும் இல்லை. வெயிலில் ஃபைலைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் இறங்கிப் போய், "ஏன் இன்னும் நிக்கறீங்க?" என்றேன். "உங்க தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க கூப்புடல" என்றார். கூப்பிட்டேன்.

எனக்கும் ஒரு பை கொண்டுவந்திருந்தார். உள்ளே, வெளியே, அடியில் எல்லாம் தடவிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, ஒன்றும் இல்லை.

படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன். அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கச்சிகிட்ட அனுப்பிடுறேன்" என்றேன். "நல்லது" என்று போய்விட்டார். மூன்று நாள் ஆயிற்று. இன்று காலை போட்டேன். பேர் இப்போதும் கோணலாகத்தான் வருகிறது. இதோடு வைத்திருக்கிறேன், ஒன்பதாம் தேதிக்குள் நீயே உன் கையால் கொண்டுபோய்க் கொடு.

திரை நாலையும் கழற்றி மடித்துப் பையில் வைத்தாயிற்று. எனக்குத் தரப்போகிற அறையின் ஜன்னலை அளந்து எழுதுகிறேன். அந்தத் திரைக்கு மேல்பக்கம் ஒரு கம்பி மட்டும் போதுமாம்.

இந்தக் கவரில் நூல் வைக்கவில்லை. தேடிக்கொண்டு நிற்காதே.

உன் அண்ணன்